வேலூர் மருத்துவர் அம்மாக்களுக்கு: பேறுகால விடுப்பு முதல் டூட்டிக்கு நடுவே பால் எடுப்பது வரை, முழுமையான வழிகாட்டி

என் மூத்த மகளுக்கு ஐந்தரை மாதம் ஆனபோது வேலைக்குத் திரும்பினேன். மூன்றாம் நாள். காலை எட்டு மணிக்குக் குழந்தைகள் வார்டுக்குள் போனவள் மதியம் மூன்றரை வரை வெளியே வர முடியவில்லை. மார்பு கல்லாக இறுகி, கையைத் தூக்கினாலே வலித்தது. ஒதுங்க இடம் இல்லை. கடைசியில் போர்வையும் துணிகளும் அடுக்கியிருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. வார்டு ஆயாம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா டாக்டரம்மா, பால் கட்டிக்கிச்சா? குந்துங்க, நா கதவாண்ட நிக்கிறேன், ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றார். அந்த மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த முதல் தாய்ப்பால் உதவி அதுதான்.

பத்து ஆண்டுகளாகிவிட்டன. இப்போது வேறு இடத்தில் வேலை. ஆனால் காட்பாடியிலும் ஆற்காட்டிலும் குடியாத்தத்திலும் வேலை பார்க்கும் இளம் மருத்துவர்கள் கர்ப்பமானதும் எனக்கு போன் செய்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றே: "அக்கா, எத்தனை நாள் லீவ் கிடைக்கும்?" வேலைக்குத் திரும்பும் முதல் இரண்டு வாரத்தின் டூட்டி ரோஸ்டரை, அதாவது பணி அட்டவணையை, பற்றி யாரும் கேட்பதில்லை. பால் வற்றிப்போவது பெரும்பாலும் அந்த இரண்டு வாரத்தில்தான். அதனால் இந்த வழிகாட்டியில் சட்டத்துக்கு ஒரு பங்கு கொடுத்தால் ரோஸ்டருக்கு இரண்டு பங்கு கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: உங்கள் வேலை எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

டாக்டர் என்ற பெயர் ஒன்றுதான், விடுப்புக் கணக்கு ஆளுக்கு ஆள் வேறு. பக்கத்து அறைத் தோழிக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலோ, வட்ட மருத்துவமனையிலோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தமிழக அரசின் நிரந்தரப் பணியில் இருந்தால் உங்களுக்கு 12 மாத விடுப்பு உண்டு. முன்பு ஒன்பது மாதமாக இருந்ததை 2021 ஜூலை 1 முதல் அரசு உயர்த்தியது. உயிரோடு உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. மூன்றாவது பிரசவத்துக்கு விடுப்பு மறுக்கப்பட்ட தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்றது. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் "விதி இல்லை" என்ற ஒரு வரியோடு திரும்பி வர வேண்டாம், எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள்.

தனியார், அறக்கட்டளை, மிஷன் மருத்துவமனை என்றால் 26 வாரம், முழுச் சம்பளத்தோடு. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது 12 வாரம் 26 வாரமானது. 2025 நவம்பர் 21 முதல் இந்த உரிமைகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. பெயர் மாறியது, உரிமை மாறவில்லை. பிரசவத்துக்குக் குறித்த தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அதே நிர்வாகத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். எம்டி முடித்த கையோடு இடம் மாறுகிறவர்கள் இந்த 80 நாளைக் காலண்டரில் எண்ணிப் பாருங்கள். இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருந்தால் 12 வாரம். கருச்சிதைவு ஆனால் 6 வாரம். இதைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை. மூன்றாம் நாளே ஓபியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். குறைப்பிரசவம், பிரசவச் சிக்கல் என்றால் மேற்கொண்டு ஒரு மாதம் வரை கிடைக்கும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். மாதா மாதம் வருவது சம்பளமா, தொழில்முறைக் கட்டணமா? பல தனியார் மருத்துவமனைகள் கன்சல்டன்ட் என்று சேர்த்துக்கொண்டு, 10 சதவீதம் வரி பிடித்துக் கட்டணமாகத் தருகின்றன. பி.எஃப். கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. அப்படியானால் நீங்கள் அவர்களுடைய ஊழியரே இல்லை என்று விடுப்பு கேட்கும் நாளில் சொல்வார்கள். ரோஸ்டர் அவர்கள் போடுகிறார்கள், பயோமெட்ரிக்கில் விரல் வைக்கிறோம், வேறெங்கும் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறது என்றால் நீங்கள் ஊழியர்தான் என்று வாதாட வழி உண்டு. ஆனால் வயிற்றில் ஏழு மாதக் குழந்தையோடு செய்யும் வாதம் அது இல்லை. வேலைக்குச் சேரும்போதே பேறுகால விடுப்பு என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். கல்யாணம் ஆகாதவர்களும்தான். கூச்சப்படாதீர்கள்.

குறுகிய கால ஒப்பந்தத்தில் இருக்கும் சீனியர் ரெசிடென்ட்களுக்கு 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு பெரிய ஆறுதல். டெல்லி மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத்தில் இருந்த பெண் மருத்துவருக்கு, ஒப்பந்தம் முடியும் நாளோடு விடுப்புச் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். தகுதி வந்துவிட்டால் ஒப்பந்தக் காலத்தைத் தாண்டியும் முழுப் பலனைக் கொடுத்தாக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பதிவிறக்கி போனில் வைத்திருங்கள்.

பிஜி மாணவிகளுக்கு: தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 பட்டமேற்படிப்பு விதிகள் பேறுகால விடுப்பை அரசு விதிப்படி அனுமதிக்கின்றன, தந்தைக்கும் விடுப்பு உண்டு என்கின்றன. எடுத்த விடுப்புக்கு ஈடாகப் பயிற்சிக் காலம் நீளும், தேர்வு ஒரு சுற்று தள்ளிப் போகலாம் என்று எண்ணியே திட்டமிடுங்கள். நீளும் மாதங்களுக்கு உதவித்தொகை உண்டா, விடுதி அறை இருக்குமா, ஆய்வேட்டுக் கெடு என்ன ஆகும் என்ற மூன்று கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிள்ளை பிறந்த பிறகு துறைக்கும் அலுவலகத்துக்கும் நடக்கத் தெம்பு இருக்காது.

சொந்த கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது. நம்பிக்கையான ஒருவரை நான்கு மாதத்துக்கு உட்கார வைப்பதும், கையில் காசு சேர்த்து வைப்பதும்தான் வழி.

இரண்டாம் படி: ஐந்தாம் மாதத்துக்குள் கடிதம்

"பாத்துக்கலாம்மா, நீ கவலப்படாத" என்று சீஃப் சொல்வார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் உங்கள் விடுப்புக்கு முன் அவரே மாறிப்போகலாம். வாயால் பேசியதை அன்று மாலையே மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, எனக்குப் பிரசவத்துக்குக் குறித்துள்ள நாள் இன்னது. மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். இன்ன தேதி முதல் 26 வார பேறுகால விடுப்பு வேண்டுகிறேன். இந்தக் காலத்தில் வேறெங்கும் பணிபுரிய மாட்டேன். திரும்பிய பின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை சட்டப்படி உள்ள இரண்டு பாலூட்டும் இடைவேளைகளையும், அதற்கான தனி இடத்தையும் பணி அட்டவணையில் சேர்க்க வேண்டுகிறேன்."

கடைசி வாக்கியம்தான் முக்கியம். விடுப்பு கேட்கும் கடிதத்திலேயே பால் இடைவேளையையும் சேர்த்துக் கேட்டுவிட்டால், திரும்பி வரும்போது புதிதாக ஒரு சலுகை கேட்கிற மாதிரி இருக்காது. சாப்பாட்டு இடைவேளை போக இந்த இரண்டும் தனி என்பதையும் நினைவில் வையுங்கள்.

விடுப்புச் சம்பளம் முந்தைய மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியில் கணக்காகும். அந்த மூன்று மாதத்தில் சம்பளமில்லா விடுப்பிலோ பாதி நேர வேலையிலோ போவதற்கு முன் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிரசவத்துக்கு முந்தைய பங்கை முன்பணமாகவும், மீதியைப் பிறப்புச் சான்று காட்டிய 48 மணி நேரத்துக்குள்ளும் நிர்வாகம் தர வேண்டும்.

கேத் லேபிலோ (இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை அறை), சி-ஆர்ம் எனும் எக்ஸ்ரே கருவி ஓடும் தியேட்டரிலோ வேலை என்றால் ஐந்தாம் மாதம் வரை காத்திருக்கக் கூடாது. கர்ப்பம் உறுதியான அன்றே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள். அறிவித்த நாளிலிருந்து கருவுக்குப் படும் அளவு 1 மில்லிசீவெர்ட்டைத் தாண்டக் கூடாது. புற்றுநோய் மருந்து கலக்கும் வேலையிலிருந்தும் விலகிக்கொள்ளுங்கள், பாலூட்டும் காலத்திலும் சேர்த்துத்தான்.

மூன்றாம் படி: 26 வாரத்தை எப்படிப் பிரிப்பது

26 வாரம் என்பது 182 நாள். பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். அப்படி எடுத்தால் பிறகு 18 வாரம்தான் மிஞ்சும், அதாவது பிள்ளைக்கு நான்கு மாதம் முடிந்து சில நாளில் நீங்கள் வார்டில் இருப்பீர்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று நாம் எல்லாத் தாய்மாருக்கும் சொல்கிறோமே, அதை நாமே செய்ய வேண்டுமானால் முழு 26 வாரமும் பிரசவத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

என் கருத்து: உடம்பு நன்றாக இருந்தால், நின்றுகொண்டே இருக்கும் வேலை இல்லாவிட்டால், முன்பக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். கடைசி மாதங்களில் ஓபி, டெலி கன்சல்டேஷன், பாடம் எடுப்பது, டிஸ்சார்ஜ் சுருக்கம் சரிபார்ப்பது என உட்கார்ந்த வேலையாகக் கேளுங்கள். ஆனால் ரத்தக் கொதிப்போ, குறைப்பிரசவ அறிகுறியோ இருந்தால் இந்தக் கணக்கையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள்தான் தன் கால் வீக்கத்தைத் தானே சின்னதாக்கிச் சொல்லிக்கொள்கிறவர்கள்.

ஈட்டிய விடுப்பு மிச்சம் இருந்தால் அதை 26 வாரத்தின் வாலில் ஒட்டுங்கள். விடுப்புக்குப் பின் சில காலம் வீட்டிலிருந்து வேலை செய்யவும் சட்டம் இடம் தருகிறது. வேலையின் தன்மை ஒத்துவர வேண்டும், நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். கதிரியக்கத் துறைப் பட அறிக்கைகளுக்கு இது அழகாகப் பொருந்தும்.

தந்தைக்கு மத்திய அரசுப் பணியில் 15 நாள் விடுப்பு உண்டு. தனியாரில் சட்டம் ஒன்றும் தரவில்லை, நிர்வாகத்தின் மனதுதான். கணவரும் மருத்துவராக இருந்தால் அந்த நாள்களைப் பிள்ளை பிறந்த வாரத்திலேயே மொத்தமாகச் செலவழிக்காதீர்கள். அப்போது நம் வீடுகளில் அம்மா, மாமியார், சித்தி என்று ஆள் நிறைய இருக்கும். ஒரு வாரத்தையாவது நீங்கள் வேலைக்குத் திரும்பும் வாரத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அந்த வாரத்தில்தான் வீட்டில் அவர் உண்மையாகத் தேவைப்படுவார்.

நான்காம் படி: திரும்புவதற்கு ஒரு மாதம் முன்

விடியற்காலையில் பால் நிறைய இருக்கும். பிள்ளை குடித்து முடித்த அரை மணி கழித்துக் கையால் பீய்ச்சியோ பம்ப் வைத்தோ எடுத்துப் பழகுங்கள். முதல் நாள் 20 மில்லி வந்தால் மனம் உடையாதீர்கள், ஒரு வாரத்தில் மார்பு பழகிக்கொள்ளும். ஃப்ரீசர் நிறையச் சேமிக்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் நாளுக்குத் தேவையானதும் அதற்கு மேல் கொஞ்சமும் போதும். நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மில்லி என்று வைத்துக்கொண்டால், ஒன்பது மணி நேரத்துக்கு 270 முதல் 400 மில்லி. இன்றைக்கு வேலையிடத்தில் எடுப்பது நாளைக்கு வீட்டுக்கு.

பாட்டில் வேண்டாம். நம்மிடம் பாலாடை இருக்கிறது, மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணம். குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு நம் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் இன்றும் அதில்தான் புகட்டுகிறோம். உங்கள் அம்மாவுக்கே கை பழகியிருக்கும். நீங்களே புகட்டிப் பார்க்காதீர்கள். உங்கள் வாசனை தெரிந்தால் பிள்ளை மார்பைத்தான் தேடும். பக்கத்து அறைக்குப் போய்விட்டு, பார்த்துக்கொள்ளப் போகிறவர் புகட்டட்டும்.

அடுத்தது வெயில். எடுத்த பாலை அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வைக்கலாம் என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். அது 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. நம் ஊரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. அக்னி நட்சத்திரத்தில் 40-ஐத் தாண்டும்போது, மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில் அந்த நான்கு மணி நேரத்தை மறந்துவிடுங்கள். எடுத்தவுடன் ஃப்ரிட்ஜ், அல்லது ஐஸ் கட்டிகள் வைத்த குளிர்ப்பெட்டி. உறைந்த ஐஸ் பேக் வைத்த நல்ல பெட்டியில் 24 மணி நேரம் வரை தாங்கும். குடியாத்தத்திலிருந்து பேருந்தில் வருகிறவர்களுக்கும் அதுவே போதும். ஃப்ரிட்ஜில் நான்கு நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம். கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக வையுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். உறைந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து இளக்கியபின் 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது.

வேலையிடத்தில் தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜிலும், ரத்த மாதிரி வைக்கும் ஃப்ரிட்ஜிலும் ஒருபோதும் பாலை வைக்காதீர்கள். அவசரத்தில் கை அங்கேதான் போகும்.

வீட்டில் ஒரு பேச்சு நடக்கும். "பாலக் காய்ச்சாம எப்படிம்மா குழந்தைக்குக் குடுக்கறது?" என்று என் மாமியார் கேட்டார். அத்தை மீது தப்பில்லை, மாட்டுப் பாலைக் காய்ச்சிப் பழகிய கை. "இது காய்ச்சினா சத்து போயிடும் அத்தை, சுடுதண்ணிக் கிண்ணத்துல வச்சு வெதுவெதுப்பாக்கினா போதும்" என்று பொறுமையாகச் சொல்லி, ஒருமுறை செய்தும் காட்டுங்கள். மைக்ரோவேவ் கூடாது. சில பேருடைய பால் சேமித்தபின் சோப்பு வாடை அடிக்கும். கெட்டுப்போகவில்லை, கொழுப்பு உடைவதால் வருவது. பதறிக் கீழே ஊற்றிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: ரோஸ்டர்

ஹெச்ஆர் அறையில் உங்கள் விடுப்பு முடிவாகும். உங்கள் பால் முடிவாவது யூனிட்டில் ரோஸ்டர் போடுகிறவரின் கையில். அவர் பெரும்பாலும் உங்களைவிட இரண்டு வருடம் மூத்த ஒரு ரெசிடென்ட். திரும்புவதற்கு இரண்டு வாரம் முன் அவரைப் போய்ப் பாருங்கள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

மார்பு எத்தனை முறை காலியாகிறதோ அதைப் பார்த்துத்தான் பால் ஊறும். நிறைந்து அப்படியே தேங்கி நின்றால், சுரப்பைக் குறைக்கச் சொல்லும் பொருள் பாலிலேயே இருக்கிறது. ஆறு மணி நேரம் தொடர்ந்து தேங்கினால் அன்று வலி மட்டும்தான். அதுவே தினமும் நடந்தால் இரண்டு வாரத்தில் சுரப்பே குறைந்துவிடும். எனவே நீங்கள் கேட்க வேண்டியது "நேரம் கிடைக்கும்போது போய்க்கொள்கிறேன்" என்பதல்ல. மருத்துவமனையில் நேரம் தானாகக் கிடைக்காது. கடிகார நேரம் கேளுங்கள்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கும் டூட்டி என்றால் என் பரிந்துரை: கிளம்பும் முன் ஏழேகாலுக்கு நேரடியாகப் பாலூட்டல். ரவுண்ட்ஸ் முடியும் பத்தரைக்கு ஒரு முறை, ஒன்றரைக்குச் சாப்பாட்டோடு ஒரு முறை, நான்கு மணிக்கு ஒரு முறை. ஒவ்வொன்றும் 20 நிமிடம். இரண்டு சட்ட இடைவேளை, ஒரு சாப்பாட்டு இடைவேளை. யாரிடமும் இரவல் வாங்கவில்லை. பத்தரை என்று ரோஸ்டரில் அச்சாக வேண்டும். அந்த 20 நிமிடம் உங்கள் போன் யாரிடம் என்பதும் அச்சாக வேண்டும். போன் கையில் இருந்தால் பால் இறங்காது. பதற்றம் பால் இறங்குவதைத் தடுக்கும் என்பது நாம் பாடத்தில் படித்ததுதான்.

மயக்கவியல், அறுவை சிகிச்சைக்காரர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். முதல் கேஸுக்கு முன், தியேட்டருக்குள் நுழையும் கடைசி நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு மாதம் நீண்ட கேஸ் இல்லாத பட்டியல் கேளுங்கள்: கண், சிறு அறுவை, எண்டோஸ்கோபி. நீண்ட கேஸ் தவிர்க்க முடியாவிட்டால் மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றி விடுவதற்கு ஆள் பெயர் காலையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கேஸ் நடுவே "யாராவது வாங்களேன்" என்று கூப்பிடும் நிலை நோயாளிக்கும் நல்லதல்ல.

இரவு டூட்டி. பாலூட்டும் தாய்க்கு இரவுப் பணி வேண்டாம் என்று கேட்டால் பல யூனிட்கள் சம்மதிக்கின்றன. முதல் ஆறு வாரம் இரவு வேண்டாம், பதிலுக்கு ஞாயிறு பகல் இரண்டு எடுத்துக்கொள்கிறேன் என்று பேசலாம். ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்காதீர்கள். இரவு விலக்கு நீங்கள் பேசி வாங்குவது, அதற்கு மாற்றுக் கொடுக்கலாம். இரண்டு பால் இடைவேளை உங்கள் உரிமை, அதற்கு ஈடாக எந்த டூட்டியும் கொடுக்காதீர்கள். இரவு தவிர்க்க முடியாதபோது அதிகாலை மூன்று மணிக்கு ஒரு முறை பால் எடுக்க அலாரம் வையுங்கள். நள்ளிரவுக்குப் பின் பால் சுரக்கும் ஹார்மோன் உச்சத்தில் இருக்கும், அந்த ஒரு முறையைத் தவறவிட்டால் நஷ்டம் அதிகம். வளாகக் குடியிருப்பிலோ பக்கத்துத் தெருவிலோ வீடு இருந்தால் பத்து மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளை குடிப்பதற்கு எந்த பம்ப்பும் ஈடாகாது.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்தாக வேண்டும், ஓய்வு நேரத்தையும் சேர்த்து நாளுக்கு நான்கு முறை தாய் போய்ப் பார்க்கலாம். இதை நிர்வாகம் வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பகம் கட்டடத்துக்குள் இருந்தால் மேலே சொன்ன குளிர்ப்பெட்டிக் கதை பாதி தேவைப்படாது. ஒருவராகக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். செவிலியர், ஆய்வகப் பெண்கள், மருத்துவர்கள் என்று பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள்.

ஆறாம் படி: பால் கட்டினால்

அந்தத் துணி அறை நாளுக்கு மறுநாள் எனக்குக் குளிர் காய்ச்சல். இடது மார்பில் சிவந்து ஒரு பட்டை. ஆயாம்மா சொன்னபடியும், நான் படித்தபடியும், சூடு ஒத்தடம் கொடுத்து அழுத்தி அழுத்திப் பீய்ச்சினேன். வீக்கம் கூடியது. இன்று அப்படிச் செய்ய மாட்டேன். அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022-இல் தன் வழிமுறையை மாற்றியது. அழுத்தி நீவ வேண்டாம், தேவைக்கு மேல் காலி செய்யவும் வேண்டாம். குளிர் ஒத்தடம், இபுபுரோஃபென், பிள்ளைக்கு வழக்கம்போல் பாலூட்டல். ஒரு நாள், இரண்டு நாளில் குறையாவிட்டால், அல்லது காய்ச்சல் கூடினால் ஆன்டிபயாட்டிக். பாலை நிறுத்த வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று: தனக்குத் தானே மருந்து எழுதிக்கொண்டு டூட்டியைத் தொடராதீர்கள். மகப்பேறு பிரிவுத் தோழியிடம் காட்டுங்கள், ஒரு நாள் படுங்கள். பொது மயக்க மருந்து கொடுத்தால் விழித்துத் தெளிந்தவுடன் பாலூட்டலாம். சிடி ஸ்கேனுக்குப் போடும் அயோடின் சாயத்துக்கும் நிறுத்த வேண்டாம். கதிரியக்க அயோடின் சிகிச்சை மட்டும் வேறு, அதற்கு முன்பே பாலை முழுதாக நிறுத்தியாக வேண்டும். இது தெரியாமல் சக மருத்துவர்களே "ரெண்டு நாள் பாலை ஊத்திடு" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

பால் உண்மையாகவே குறைந்துவிட்டால், முருங்கைக்கீரையும் பூண்டும் பால் சுறாவும் அம்மா சமைத்துத் தரட்டும், நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் மருந்து ஒன்றுதான்: இன்னும் ஒரு முறை கூடுதலாகக் காலி செய்வது. வார விடுமுறை நாளில் பிள்ளையோடு படுக்கையை விட்டு எழாமல் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். அதற்கு மேலும் போதவில்லை என்றால் ஃபார்முலா கொடுத்துவிட்டு நிம்மதியாக டூட்டிக்குப் போங்கள். நீங்கள் தோற்றுவிடவில்லை. மாலையில் வீடு திரும்பியதும் இருக்கும் பாலைக் கொடுங்கள்.

மறுத்தால் என்ன செய்வது

"இப்ப ராஜினாமா பண்ணிட்டு, அப்புறம் வந்து சேந்துக்கோங்க" என்பார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் 26 வாரமும் போகும், பணி மூப்பும் போகும். விடுப்பில் இருப்பவரை நீக்குவதும், அவருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனையை மாற்றுவதும் சட்ட விரோதம். முதலில் துறைத் தலைவருக்கு எழுத்தில், ஒரு வாரத்தில் பதில் இல்லாவிட்டால் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு, அதன்பின் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஆய்வாளரிடம். ஒப்பந்தம், சம்பள வரவு காட்டும் வங்கிக் கணக்கு, ரோஸ்டர் படங்கள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்திருங்கள். மருத்துவமனை மின்னஞ்சல் ஒரே நாளில் மூடப்படும்.

துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள்

ஒரு பிஜி விடுப்பில் போனால் அவளுடைய இரவுகளை மற்ற மூன்று பேர் தலையில் கட்டிவிட்டு, பிறகு அவர்கள் அவள் மேல் முகம் சுளிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஐந்தாம் மாதத்திலேயே கடிதம் வந்துவிடுகிறது. மாற்று ஆள் தேட நான்கு மாதம் இருக்கிறது. 1918-இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்காகவே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. பெண் மருத்துவர் இல்லாததால் பிரசவத்தில் செத்துப்போன பெண்களுக்காக அந்தப் படிப்பு தொடங்கியது. அந்த ஊரில் ஒரு பெண் மருத்துவர் பால் எடுக்கக் கழிப்பறைக்குள் போகக் கூடாது.

அறைக்குப் பெரிய செலவு இல்லை. உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள், சாய்மானமுள்ள நாற்காலி இரண்டு, பிளக் பாயின்ட், கை கழுவத் தொட்டி, சின்ன ஃப்ரிட்ஜ், மின்விசிறி. தமிழக அரசு 2015-இலேயே பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்தது. பேருந்து நிலையத்தில் முடிந்தது மருத்துவமனையில் முடியும்.

அந்த அறை மருத்துவர்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டிவிடாதீர்கள். இரவு பகலாக நிற்கும் செவிலியருக்கும், ஒப்பந்தக்காரர் வழியாக வரும் துப்புரவுப் பெண்ணுக்கும் அதே மார்பு, அதே வலி. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ வழியாகவும் 26 வாரம் உண்டு, அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதும் நாம்தான். இப்போது நான் இருக்கும் இடத்தில் ஃப்ரிட்ஜில் உள்ள டப்பாக்களில் பெயரும் நேரமும் மட்டும் எழுதுகிறோம், பதவி எழுதுவதில்லை. சாவி டூட்டி டாக்டர் அறையில் கிடையாது. வார்டு வாசலில் ஆணியில் தொங்குகிறது, எட்டும் உயரத்தில்.